பெரிய திரை மூட்டிய கோள்

பெண்கள் ஆடும் கால்பந்தை உயிருள்ளவரை பார்ப்பதில்லை என்று ஹம்தம் தேநீர்க் கடையில் வைத்து அறிவித்தார். அறிவித்தது நாமங்கான் ஊரின் பெரிய கடைத்தெருவில். அதுவும் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாரும் கூடியிருந்த நேரத்தில். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிறவர் அவர். நாள் முழுக்கக் கீச்சுச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசித் தொண்டை பழகிவிட்டது.

"ஏன் ஹம்தம் அகா, பார்த்தா கண்ணு போயிடுமா?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த நெமத். செருப்புக் கடைக்காரன். வாயும் செருப்பு மாதிரிதான், கடிக்கும்.

"அது ஆட்டமா நெமத்? ஒருத்தி விழுந்தா அஞ்சு பேரு தூக்கி விடுவாங்க. மன்னிப்புக் கேட்டு முடியறதுக்குள்ள தொண்ணூறு நிமிஷம் ஓடிரும்."

"எப்போ பார்த்தீங்க?"

"பார்க்கணுமா என்ன? தெரியாதா?"

கடை சிரித்தது. ஹம்தமும் சிரித்தார். கால்பந்து விஷயத்தில் அந்தக் கடையில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. தீர்ப்புச் சொல்கிறவருக்கு வழக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றுவரை யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஓய்தின் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவள் தையல் கூடம் நடத்துகிறவள். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும், பேச்சு அளவாகத்தான் வரும். அன்று ஊசி இல்லை.

"ஏங்க, நாளைக்கு நம்ம ஊரு மைதானத்துல நம்ம நாட்டுப் பொண்ணுங்க ஆடறாங்க. இங்க ஒரு ஆட்டம், எதிரணி ஊர்ல ஒரு ஆட்டம். ரெண்டும் சேர்ந்து ஜெயிச்சா ஆசியக் கோப்பைக்கே போயிடலாமாம். உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிட்டேன். வடக்குப் பக்கம். என் பக்கத்து சீட்டு."

ஹம்தமுக்குத் தொண்டை வரைக்கும் 'சரி' வந்தது. உண்மையில் அவருக்கு ஆட்டம் என்றால் உயிர். குளிர்காலம் முழுக்க மைதானம் பூட்டிக் கிடந்தது. பந்து உருள்வதைப் பார்த்து மாதக்கணக்காயிற்று. ஆனால் கடைத்தெருவில் விட்ட வார்த்தை அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

"நாளைக்கா? அடடா. சுஸ்ட் ஊர்ல மஹ்கம் பெரியப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். போய்ப் பார்க்கணுமே."

வெளிச்சம் போய்விட்டது. ஓய்தின் சண்டை போடவில்லை. "பெரியவர் முக்கியம்தான்" என்றாள். அதுதான் இன்னும் மோசம். அவள் சண்டை போட்டிருந்தால் அவர் தோற்றுப்போய் அவளோடேயே போயிருப்பார்.

சனிக்கிழமை காலை ஹம்தம் திட்டத்தைத் துல்லியமாக வெட்டினார், கண்ணாடி மாதிரி. வடக்கில் மனைவி. அதனால் தெற்கில் அவர். கழுத்தில் மஃப்ளர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஏப்ரல் மாதம், வாதுமை மரமெல்லாம் பூத்து முடித்து வெயில் தலைகாட்டிவிட்டது. மஃப்ளர் கட்டியவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். அதை அவர் யோசிக்கவில்லை.

கிளம்பும்போது ஓய்தின் ஒரு பானையை நீட்டினாள். மேலே துணி கட்டியிருந்தது.

"ஆட்டு சூப்புங்க. பெரியப்பாவுக்கு. சூடு ஆறறதுக்குள்ள குடுத்துருங்க. மடியிலயே வெச்சுக்கங்க, வண்டியில சிந்தப் போவுது."

மைதான வாசலில் காவலர் தடுத்தார்.

"என்னய்யா இது?"

"சூப்பு."

"யாருக்கு?"

"பெரியப்பாவுக்கு."

"எந்தப் பக்கம் ஆடறாரு?"

பானை உள்ளே போகாது என்றார்கள். வாசலில் சூரியகாந்தி விதை விற்கிற ஒரு அம்மா குந்தியிருந்தாள். ஹம்தம் பானையை அவளிடம் நீட்டினார்.

"அக்கா, நீங்களே குடிச்சுருங்க. பானை மட்டும் வேணும்."

அவள் துணியை அவிழ்த்து மோந்து பார்த்தாள். "யாரு தம்பி வெச்சது?"

"என் வீட்டுக்காரி."

"இந்தக் கைப்பக்குவத்தை வீட்டுல விட்டுட்டு இங்க தனியா வந்திருக்கியே" என்றாள். ஒரு பொட்டலம் விதையை அவர் கையில் வைத்து, உள்ளே போகச் சொல்லிக் கையசைத்தாள்.

ஆட்டம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்துக்குள் ஹம்தமுக்கு மஃப்ளர் வேர்த்தது. விழுந்தவளை யாரும் தூக்கிவிடவில்லை. விழுந்தவளே எழுந்து, தள்ளிவிட்டவளிடமிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். எட்டாம் எண் சட்டைக்காரி ஒருத்தி இருந்தாள். குள்ளம். மூன்று பேருக்கு நடுவே ஊசி கோத்த மாதிரி பந்தை இழுத்துப் போனாள். ஹம்தம் தன்னை அறியாமல் பக்கத்து ஆளின் தொடையில் தட்டினார். "பார்த்தீங்களா? பார்த்தீங்களா இவளை?" தட்டிய கை அப்படியே நின்றது. இந்த வார்த்தையை யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

இடைவேளையில் போன் அடித்தது. ஓய்தின்.

"பெரியப்பா எப்படி இருக்காருங்க?"

"இழுத்துக்கிட்டு இருக்கு."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி, வெள்ளை நிறக் கார் வழியை மறித்து நிற்கிறது, உரியவர் உடனே எடுக்கவும் என்று அலறியது.

"என்னங்க சத்தம்?"

"பக்கத்து வீட்டுல கல்யாணம். மைக் செட்டு."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பையை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, பார்த்து வாங்க" என்று வைத்துவிட்டாள்.

ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும்போது அது நடந்தது. எட்டாம் எண் பெண் நெஞ்சுயரத்துக்கு வந்த பந்தைத் தடுத்துத் தரையில் போட்டு, திரும்பி, இடது காலால் அடித்தாள். வலை துள்ளியது. கோல்!

மைதானமே எழுந்தது. ஹம்தம் எழுந்தது அதற்கும் ஒரு கணம் முன்னால். மஃப்ளர் ஒரு பக்கம் போயிற்று, கண்ணாடி ஒரு பக்கம் போயிற்று. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அந்த ஆளும் பதிலுக்குக் கொடுத்தார்.

அப்போது நடுவர் காதில் கை வைத்தார். பிறகு விரலால் காற்றில் ஒரு சதுரம் வரைந்தார்.

"என்ன பண்றா அவ?" என்று ஹம்தம் பக்கத்து ஆளைக் கேட்டார்.

"வீடியோ நடுவர் கூப்பிடறாங்க. பந்து கையில பட்டுச்சோன்னு சந்தேகமாம்."

நடுவர் ஓரத்துக்குப் போய்ச் சின்னத் திரையில் குனிந்தார். ஆயிரக்கணக்கான பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பார்க்க வேறொன்றும் இல்லாததால், மைதானத்தின் பெரிய திரையில் ரசிகர்களைக் காட்ட ஆரம்பித்தார்கள். கொடியைக் கடிக்கிற ஒரு சிறுமி. கண்ணை மூடிக்கொண்ட ஒரு கிழவர். அடுத்தது, இரண்டு கையையும் ஏந்தி, கன்னத்தில் கண்ணீர் வழிய, உதட்டில் விதைத் தோல் ஒட்டியிருக்க, இறைவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மீசைக்காரர்.

'பாவம், யாரு பெத்த பிள்ளையோ' என்று நினைத்தார் ஹம்தம். நினைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அது அவர்.

குனிந்தார். திரையில் இருந்தவரும் குனிந்தார். மைதானம் சிரித்தது. கேமராவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, நகரவே இல்லை; சற்று முன் அவர் பக்கத்து ஆளைக் கட்டிப்பிடித்ததையும் மறுபடி போட்டுக் காட்டினார்கள்.

நடுவர் திரும்பி வந்து கையைக் குறுக்கே வீசினார். கோல் இல்லை. ஆட்டம் சமன். அன்று கோலும் போயிற்று, திரை மூட்டிய கோளும் ஊரெங்கும் போயிற்று.

வெளியே விதைக்கார அம்மா பானையைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு ஹம்தம் வேண்டுமென்றே சுற்றி நடந்து, சுஸ்ட்டிலிருந்து திரும்புகிற களைப்போடு வீட்டுக்குள் நுழைந்தார்.

ஓய்தின் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாயில் ஊசி இருந்தது. மாவு பிசையும்போது ஊசி எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

"பெரியப்பா குடிச்சாரா?"

"ஒரு சொட்டு விடல."

"பானையைக் கூட இவ்வளவு பளிச்சுன்னு கழுவிக் குடுத்திருக்காங்களே. நல்ல மனுஷங்க."

அவ்வளவுதான். ஹம்தம் மெல்ல உட்கார்ந்தார். தப்பித்துவிட்டோம் என்று நெஞ்சு சொன்னது. ஓய்தின் ரொட்டியும் தேநீரும் வைத்தாள். ஊசியை எடுத்து இரவிக்கையில் குத்திக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"ஆட்டம் சமன் ஆயிடுச்சுங்க. ஒரு கோல் போட்டாங்க, இல்லேன்னுட்டாங்க. கையில பட்டுச்சாம்."

"ஓ" என்றார் ஹம்தம்.

"ஊரே பார்த்துச்சாம். முழங்கைக்குக் கீழ, பளார்னு."

ஹம்தம் ஒரு துண்டு ரொட்டியை வாயில் திணித்தார்.

"அந்த எட்டாம் நம்பர் பொண்ணு வேணும்னே கையால தள்ளி விட்டிருக்கு. ஏமாத்துக்காரி."

இன்னொரு துண்டு. காது சிவந்தது.

"நடுவரு போய்ப் பார்த்ததே வீண்தான். கண்ணு இருக்கற யாருக்குமே..."

"தோள்!" ரொட்டி நாலா பக்கமும் தெறித்தது. "தோள்பட்டையில பட்டுச்சு! கையாம் கை! எனக்கு நேர் எதிர்ல நடந்துச்சு. தெற்குப் பக்கம் மூணாவது வரிசையில உட்கார்ந்து இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்! அந்தப் பொண்ணையா ஏமாத்துக்காரிங்கற?"

ஓய்தின் அவர் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள்.

"பெரியப்பா வீட்டுல தெற்குப் பக்கம் மூணாவது வரிசை எப்போங்க கட்டினாங்க?"

ஹம்தம் மீசையில் ஒட்டிய ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டார்.

"தோள்தான்" என்றாள் அவள். "நானும் பார்த்தேன். அநியாயமா எடுத்துட்டாங்க."

அவள் சிரித்திருந்தால் அவரும் சிரித்துத் தப்பியிருப்பார். சிரிக்கவில்லை.

"பக்கத்து சீட்டுல என் பையை வெச்சுப் பிடிச்சு வெச்சிருந்தேன். நாலு பேரு வந்து கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு சுஸ்ட்டுலேர்ந்து வந்துருவாரு, ஆட்டம்னா அவருக்கு உசுருன்னு சொல்லிச் சொல்லி அனுப்பினேன். இடைவேளையில உங்க போன்ல வெள்ளைக் காரைப் பத்திச் சொன்னாங்க பாருங்க, அதே சமயம் என் காதுலயும் விழுந்துச்சு. அப்பத்தான் பையை எடுத்தேன்."

தேநீர் ஆறியது. ஹம்தம் குடிக்கவில்லை.

"திரையில உங்களைப் பார்த்தேன். நம்ம பொண்ணு பொறந்த அன்னிக்குத்தான் நீங்க அப்படி அழுது பார்த்தது." மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாரையோ கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அன்று இரவு சாப்பாடு சாதாரணமாகத்தான் நடந்தது. உப்புக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கோல் விழுந்த நேரத்தில் அவள் எப்படிக் குதித்தாள் என்று தெரிந்திருக்குமே என்ற எண்ணம் ஹம்தமைக் குடைந்தது. குதித்தாளா, உட்கார்ந்தே இருந்தாளா? எதிர்ப்பக்கம் இருந்தவரால் அதைப் பார்க்க முடியவில்லை. அதற்கு மறுஒளிபரப்பும் கிடையாது.

மறுநாள் தேநீர்க் கடையில் நெமத் காத்திருந்தான்.

"அகா, கண்ணு எப்படி இருக்கு? நேத்து ரொம்பக் கலங்கியிருந்துச்சே!"

"போனேன். பார்த்தேன். அழுதேன்" என்றார் ஹம்தம். "தெரியாம உளறினவன் நான்தான். அடுத்த ஆட்டம் டிவில வருது. என் வீட்டுல, என் பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்து பார்க்கப் போறேன். எவனுக்கு என்ன வேணுமோ பேசிக்கோ."

கடை சிரிக்க மறந்தது. இப்படி நேராக விழுந்தவனை எப்படி உதைப்பது என்று நெமத்துக்கே தெரியவில்லை.

இரண்டாவது ஆட்டத்தன்று ஹம்தம் கடையை மதியமே பூட்டினார். அடுப்பிலிருந்து எடுத்த, இறைச்சி பொதிந்த சுடச்சுட சம்சா வாங்கினார். டிவிக்கு எதிரே இரண்டு மெத்தைகளை ஒட்டிப் போட்டார். இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நெருக்கினார்.

ஓய்தின் வந்தாள். தனியாக வரவில்லை. பின்னாலேயே தையல் கூடமே வந்தது.

"எங்கூட வடக்குப் பக்கம் உட்கார்ந்திருந்தவங்க எல்லாரையும் கூப்பிட்டேங்க. ஆட்டத்தைக் கூட்டமா பார்க்கணும்னு நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க?"

மெத்தைகள் இரண்டும் ஒரே மூச்சில் நிரம்பின. ஹம்தமுக்குக் கதவோரம் கிடைத்தது. கதவோரம் இருப்பவர்தான் எழுந்து போக வசதியானவர். "அண்ணே, தேநீர்." "அண்ணே, இன்னொரு கிண்ணம்." "ஏங்க, சர்க்கரை எங்கேன்னு உங்களுக்குத்தான் தெரியும்." அவர் முகம் சுளிக்கவில்லை. தரவேண்டியதைத் தருகிற மனுஷன் மாதிரி போய்ப் போய் வந்தார். ஒரு கண் மட்டும் எப்போதும் ஓய்தின் மேல். பந்து வலைக்குப் பக்கத்தில் போனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலைத்துணி நுனியைத் திருகினாள். இத்தனை வருஷத்தில் இது அவருக்குத் தெரியாது.

சமையலறையில் கெண்டியைத் தூக்கினபோது வீடு வெடித்தது.

ஓடி வந்தார். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். குதிக்க வேண்டியதெல்லாம் குதித்து முடித்தாயிற்று. ஓய்தின் தலைத்துணி கழுத்தில் கிடந்தது, கன்னம் நனைந்திருந்தது. திரையில் நடுவர் ஏற்கெனவே காற்றில் சதுரம் வரைந்துகொண்டிருந்தார். எல்லாரும் கையேந்தினார்கள். ஹம்தமும் ஏந்தினார், கெண்டியோடு. நடுவர் நிமிர்ந்து மைதானத்தின் நடுவைக் காட்டினார். கோல்!

மறுபடியும் வெடித்தது. இந்த முறை அவரும் கத்தினார். கத்தின பிறகு சும்மா இருந்திருக்கலாம். பழைய தொண்டை.

"ஆனா கோலுக்கு முன்னாடி கொஞ்சம் ஆஃப்சைடு மாதிரி இருந்திருக்குமோன்னு எனக்கு ஒரு..."

பத்துத் தலைகள் திரும்பின. ஓய்தின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். குரலில் கோபமே இல்லை.

"ஆட்டத்தை நாங்க பார்த்துக்கறோங்க. நீங்க தண்ணி கொதிக்குதான்னு பாருங்க."