நீர்யானையின் டீக்கடை

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவடியில் ஒரு தளவாடத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, ஊசி முதல் கிரேன் வரை டெண்டர் விட்டு வாங்கியே தலை நரைத்தவன் நான். எந்தக் காகிதம் எந்த மேஜைக்கு எத்தனை பிரதிகளோடு போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (அப்படி யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. விழித்திருக்கும்போதே யாரும் கேட்டதில்லை.) அப்படிப்பட்டவன், வாழ்க்கையில் ஒரு கார்ட்டூன் படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அந்தத் தகுதியோடுதான் எங்கள் வீட்டில் கார்ட்டூன் படங்களுக்கு ரேங்க் போடும் கமிட்டிக்குத் தலைவரானேன்.

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அண்ணனூரில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மே மாதம் அது. பெங்களூரிலிருந்து மகள் ஸ்டெல்லா, தன் பெண் ரியாவோடு லீவுக்கு வந்திருந்தாள். மகன் எட்வினும் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை ரியாவுக்குப் பிறந்தநாள். தெருப் பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டு, வெள்ளை பெட்ஷீட் கட்டி, ஒரு படம் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

எந்தப் படம் என்பதில்தான் சண்டை வந்தது. சின்ன வயதில் குவார்ட்டர்ஸ் கேபிளில் திரும்பத் திரும்பப் பார்த்த மூன்று படங்கள் போட்டியில் இருந்தன. குரல் வராத சேவல் ஒன்று பாட்டுப் போட்டிக்குப் போகும் படம் எட்வினின் கட்சி. அம்மாவைத் தேடி ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் குட்டி நீர்யானை ஸ்டெல்லாவின் கட்சி. குடைக்குள் குடித்தனம் நடத்தும் எலிகளுக்கு இரண்டு பேரும் இரண்டாமிடம் தரத் தயாராக இருந்தார்கள்.

"சேவல்தான் பெஸ்ட்."

"போடா. அந்தச் சேவல் அழுறதப் பாத்து நீ கட்டில் அடியில போய் ஒளிஞ்சவன்."

முப்பது வயது தாண்டியவர்கள் தலையணையால் அடித்துக்கொள்ளும் கட்டத்தில் நான் தலையிட்டேன். வாய்ச்சண்டையால் எதையும் தேர்வு செய்ய முடியாது, நடைமுறை என்று ஒன்று இருக்கிறது என்றேன். கதைக்கு இத்தனை, பாட்டுக்கு இத்தனை, சிரிப்புக்கு இத்தனை, வில்லனுக்கு இத்தனை என்று மதிப்பெண் பிரித்தேன். மார்க்கைத் துண்டுச் சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கப்படும். (எங்கள் அலுவலகத்தில் குறைந்த விலை கேட்டவருக்கே முதலிடம். இங்கே அதிக மார்க் வாங்கியதற்கு முதலிடம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு அரை நாள் ஆனது.)

அப்போது என் மனைவி பிலோமினா வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு வந்தாள். "ஏங்க, இந்தப் படங்களப் பத்தி நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"கமிட்டி நடந்துகிட்டிருக்கு பிலோமினா. உறுப்பினருங்க மட்டும்தான் பேசலாம்."

"அப்ப நான் உறுப்பினர் இல்லையா?"

"நீ என்னைக்கு உக்காந்து படம் பாத்த? எப்பவும் அடுக்களையிலதான இருப்ப."

அவள் தட்டை வைத்துவிட்டுப் போனாள். அந்தப் போக்கில் ஒரு புன்னகை இருந்தது. கொள்முதல் பிரிவில் இருந்தவன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

உறைகளைப் பிரித்தேன். நீர்யானை அமோக வெற்றி. சேவல் கட்சிக்காரனான எட்வினே அதற்குத்தான் அதிகம் போட்டிருந்தான். காரணம் ஒரே ஒரு காட்சி. நீர்யானைக் குட்டி ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷன் வாசலில் டீக்கடை போடுகிறது. அதற்கு பெர்மிட் தராமல் ஒரு ஆந்தை ஆபீசர் இழுத்தடிக்கிறார். கடைசியில் டீ வாசனையைப் பிடித்துக்கொண்டே அம்மா நீர்யானை வந்துவிடுகிறது.

"அந்த ஆந்தை செம வில்லன் டாடி" என்றான் எட்வின்.

நானும் வில்லனுக்கு முழு மார்க் போட்டிருந்தேன். எனக்கும் அந்தக் காட்சி கண்ணெதிரே நின்றது. மஞ்சள் பலகை வைத்த ஸ்டேஷன், பித்தளை பாய்லர், ஆந்தையின் மூக்குக் கண்ணாடி. (அந்தக் காலத்தில் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் நான் வீட்டுக்கு வருவேன். காலையில் சவரம் செய்யும்போது அவர்கள் சொன்ன கதையைத்தான் கேட்டிருக்கிறேன். கேட்டதைப் பார்த்ததாக நம்பும் அளவுக்கு எனக்குக் கற்பனை வளம் உண்டு என்பதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் இன்க்ரிமென்ட் கேட்டிருப்பேன்.)

ரியா இதையெல்லாம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் டீக்கடை வைத்த நீர்யானை வரும். அந்தத் தெருப் பிள்ளைகளிடம் அவளுக்கு அப்போதுதான் பழக்கம். பெங்களூர்க்காரி என்று விளையாட்டில் சேர்க்காமல் இருந்தவர்கள், நீர்யானைக்காகவே சேர்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு தீபக் தன் கிரிக்கெட் மட்டையைத் தொட அனுமதித்தானாம்.

ஆவடி மார்க்கெட் பக்கம் பழைய படங்களைத் தேடிப் பென் டிரைவில் ஏற்றித் தரும் கடை ஒன்று உண்டு. அங்கே வாங்கி வந்து, வியாழக்கிழமை சரிபார்ப்புக்காகப் போட்டுப் பார்த்தோம். நீர்யானை ஆற்றில் போனது, கடலைப் பார்த்தது, பறவைகளோடு ஒரு பாட்டுப் பாடியது. படம் முடிந்தது. ஸ்டேஷன் இல்லை. டீக்கடை இல்லை. ஆந்தை இல்லவே இல்லை. அம்மாகூட இல்லை.

ரியாவின் முகம் சுருங்கியது. "தாத்தா, நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேனே. பொய் சொன்னேன்னு சொல்லுவாங்க. மறுபடி சேத்துக்க மாட்டாங்க."

"கவலப்படாத. இது குறை சப்ளை. வெட்டின காப்பியக் குடுத்திருக்கான். நான் பாத்துக்கறேன்."

"ஏங்க..." என்று பிலோமினா அடுக்களையிலிருந்து ஆரம்பித்தாள்.

"சப்ளையர் விவகாரம். நீ தலையிடாத."

"சரி, உங்க இஷ்டம்."

மறுநாள் ஃபைல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எட்வின் பைக்கில் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். (ஃபைலில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு புகார் கொடுத்துப் பழக்கமில்லை.) கடைக்காரர் பெயர் பாபு. லேமினேஷனும் செல்போன் ரிப்பேரும் அங்கேயே நடப்பதால் கடையில் நல்ல கூட்டம்.

"இன்னா சார், பிரச்சன?"

"படத்துல கடைசிப் பகுதி இல்ல."

பாபு கம்ப்யூட்டரில் போட்டுக் கடைசிக்கு ஓட்டினார். "பாரு சார், பேரு ஓடுது. பேருக்கு அப்பால படம் ஏது?"

"இருக்கணும். நீர்யானை ரயில்ல வந்து எறங்கி டீக்கடை போடும்."

"எந்த ஸ்டேஷன்ல?"

ஒரு கணம் தயங்கினேன். ஆனால் நேரில் கண்ட சாட்சி தயங்கக் கூடாது. "அண்ணனூர் மாதிரி ஒரு ஸ்டேஷன்."

பாபு ஒவ்வொரு விரலாக மடக்கினார். "வெளிநாட்டு நீர்யானை. அண்ணனூரு. டீக்கடை. எலக்ட்ரிக் டிரெயின்லயா சார் வந்துச்சு?"

"ஆமாம்."

பக்கத்தில் நின்ற எட்வின், கழற்றிய ஹெல்மெட்டை எடுத்து மறுபடி தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டான்.

"டிக்கெட் எடுத்துச்சா சார்?" என்றார் லேமினேஷனுக்கு வந்திருந்த ஒருவர். கிண்டல் என்று எனக்குப் புரியவில்லை.

"எடுத்தது. டிக்கெட் பிரச்சனையே இல்ல. பெர்மிட்தான் பிரச்சனை. ஒரு ஆந்தை ஆபீசர், மூணு காப்பி எங்க, அட்டெஸ்டேஷன் எங்கன்னு அத அலைய விடுவார். ரொம்பத் தத்ரூபமான பாத்திரம். அந்த மாதிரி ஆளுங்கள நானே ஆபீஸ்ல பாத்திருக்கேன்."

கடை முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. "சார், வெயில்ல வந்துகினு கீறீங்க. கொஞ்சம் குந்துங்க" என்று பாபு ஸ்டூலை நகர்த்தினார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாட்சியம் பதிவு செய்வது என்று தீர்மானித்து, பிலோமினாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "நாலு பேர் முன்னாடி சொல்லு. நீர்யானை டீக்கடை உண்டா, இல்லையா?"

"உண்டு."

நான் பாபுவை ஒரு பார்வை பார்த்தேன். பெரிய பெரிய கான்ட்ராக்டர்களைப் பார்த்த பார்வை அது.

"ஆனா படத்துல இல்ல" என்றது போன்.

"பின்ன எங்க இருக்கு?"

"என் வாயில. குவார்ட்டர்ஸ் கேபிள்காரன் எட்டரையானா படத்தப் பாதியில நிறுத்திட்டு சீரியலப் போட்டுடுவான். நீர்யானைக்கு அம்மா கெடச்சாளான்னு தெரியாம ரெண்டும் தூங்காதுங்க. வெளக்க அணைச்சுட்டு மீதிய நானாச் சொல்லுவேன். வெளிய டிரெயின் சத்தம் கேக்கும், அதனால டிரெயின்ல ஏத்தி விட்டேன். அவ்ளோதான்."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "மம்மி!" என்று ஒரு குரல் வந்தது.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"நான் கமிட்டியில இல்லையே."

கடையில் யாரோ கை தட்டினார்கள். பாபு மேஜையில் முழங்கையை ஊன்றிப் போன் பக்கம் குனிந்தார். "யக்கா, எனக்கு ஒரு டவுட்டு. அந்த ஆந்தை ஆபீசரு?"

மறுமுனையில் குக்கர் விசிலடித்தது. "அதுவா தம்பி... அத நாங்க வீட்ல பேசிக்கறோம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஃபைல். லேமினேஷன்காரர் நிதானமாக "ஓ..." என்றார்.

"சார், டீ சொல்லட்டா?" என்றார் பாபு. "பெர்மிட்டு இல்லாத கடதான். பரவால்லியா?"

வீட்டுக்கு வந்ததும் பிலோமினா ஒரே வரியில் விசாரணையை முடித்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஆபீசர் நீங்க ஒருத்தர்தான். வேற யார நான் கதையில வைக்க?" நான் முழு மார்க் போட்ட சீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. ஸ்டெல்லாவின் வேலை.

சிரித்து முடித்த பிறகுதான் ரியா மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சனை அப்படியேதான் இருந்தது. படத்தை மாற்றிவிடலாம் என்றாள் ஸ்டெல்லா. தவிர்க்க முடியாத காரணங்களால் டீக்கடை இடம்பெறாது என்று தெருவுக்கு ஒரு திருத்த அறிவிப்பு தரலாம் என்றேன் நான். ரியா என்னைப் பார்த்த பார்வையில், ஆந்தைக்கு முழு மார்க் போட்டதில் தவறில்லை என்று எனக்கே தோன்றியது.

"படத்தப் போடுங்க. மத்தத அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் பிலோமினா. இந்த முறை யாரும் அவள் பேச்சில் குறுக்கிடவில்லை.

ஞாயிறு மாலை மாடி நிரம்பிவிட்டது. கேக் வெட்டி, படம் ஓடி, பறவைகள் பாடி, பெட்ஷீட்டில் பெயர்கள் ஏற ஆரம்பித்தன. தீபக் திரும்பினான்.

"எங்க ரியா டீக்கட? சும்மாதான வுட்ட?"

"பெங்களூரு புருடா!" என்றது இன்னொரு குரல். ரியாவின் உதடு நடுங்கத் தொடங்கியது. நான் எழுந்தேன். "அன்புக் குழந்தைகளே, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு..."

"நீங்க உக்காருங்க" என்றாள் பிலோமினா. நேராகப் போய் புரொஜெக்டரை அணைத்தாள். மாடி இருண்டது. "ரியா சொன்னது நெசம்தான். ஆனா மீதிப் படம் இருட்டுலதான் தெரியும். சத்தம் போடாம கேளுங்க."

அவள் சொல்லத் தொடங்கினாள். நீர்யானை கதவில் மாட்டிக்கொண்டு அதன் பின்பக்கம் மட்டும் வழி நெடுக வெளியே தொங்கியபடி வந்தது. அண்ணனூரில் நாலு பேர் தள்ளி இறக்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நிஜமாகவே ஒரு மின்சார ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போக, பிள்ளைகள் மொத்தமும் கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பிப் பார்த்தன. தீபக் எழுந்தே நின்றுவிட்டான்.

"அப்ப வந்தாரு ஆந்தை ஆபீசர்" என்று சொல்லிவிட்டு பிலோமினா நிறுத்தினாள். இருட்டில் எல்லாத் தலைகளும் எந்தப் பக்கம் திரும்பின என்று சொல்ல வேண்டியதில்லை.

"தாத்தா, வாங்க" என்றாள் ரியா.

எட்வின் செல்போன் விளக்கை என் முகத்தில் அடித்தான். தொண்டையைச் செருமினேன். நடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. "யார் இங்க கடை போட்டது? பெர்மிட் எங்க?"

தீபக் தானாகவே நீர்யானையாகி முன்னால் வந்தான். "இல்ல சார்."

"விண்ணப்பம் மூணு பிரதி. ஒவ்வொண்ணுலயும் போட்டோ. போட்டோல காது தெரியணும்."

"சார், ஒரு டீ குடிச்சுட்டுப் பேசு சார்."

"லஞ்சமா? அதுக்கு வேற ஃபாரம் இருக்கு. அடுத்த வாரம் வா!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். பணிக்காலத்தில் இதே வசனங்களை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூடச் சிரித்ததில்லை. பிறகு அம்மா நீர்யானை வந்தாள், குட்டிக்குப் பின்னால் நின்று டீ ஆற்றினாள், எல்லாப் பிள்ளைகளும் பெருமூச்சு விட்டார்கள். "ஆந்தை மட்டும் இன்னும் பெர்மிட் குடுக்கல" என்று பிலோமினா முடித்தாள். மறுநாள் காலையில் தீபக் மட்டையோடு வந்து வாசலில் நின்று ரியாவைக் கூப்பிட்டான்.

ரேங்க் பட்டியலில் முதலிடம் பிலோமினாவுக்குத் தரப்பட்டது. அவர் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை, அவருக்குத் தருவது விதிமீறல் என்று ஆட்சேபித்தேன். ஸ்டெல்லா கமிட்டியைக் கலைத்துவிட்டாள்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. பாபு கடைப் பக்கம் போக வேண்டியிருந்தால் இன்றும் எதிர்ச்சாரியில் நடக்கிறேன். "சார், நம்ம நீர்யான எப்டி கீது?" என்று அவர் அங்கிருந்தே கத்துகிறார். தெருவில் எனக்கு நிலைத்துவிட்ட பெயரை நான் சொல்லப்போவதில்லை.

ரியா பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். பள்ளிக்கூடம், மார்க், தோழிகள் எதுவும் முதலில் வராது. "தாத்தா, பெர்மிட் குடுத்துட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

"ஃபைல் பாத்துகிட்டிருக்கேன். ஒரு கையெழுத்து கொறையுது."

"இன்னுமா? அம்மா, தாத்தா இன்னும் குடுக்கலையாம்!" அந்தப் பக்கம் சிரிப்பு.

"பாவம் குழந்த, குடுத்துத் தொலைங்களேன்" என்கிறாள் பிலோமினா. அவளுக்கு நடைமுறை தெரியாது. கொடுத்துவிட்டால் ஃபைலை மூட வேண்டும். மூடிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்க ரியாவுக்கு என்ன இருக்கும்?