சோடியம் மதார் சாகிப்

அரை மணி நேரம் காதில் விழுந்த ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஊருக்கு வைத்தியம் பார்க்கிற ரகம் ஒன்று உண்டு. வண்ணாரப்பேட்டையில் அந்த ரகத்தின் பிரதிநிதி மதார் சாகிப், தோல் மண்டிக் கணக்கப்பிள்ளை.

ஒருநாள் காலேஜிலிருந்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் மண்டிக்கு வந்தார். தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் தூவுகிற மருந்தில் ஒரு பொட்டலம் வாங்கினார். அதை எலிக்குக் கொடுத்து, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். முடிவு என்ன ஆயிற்று? எலிக்குத்தான் தெரியும். மதார் சாகிப் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அன்று முதல் எவன் தும்மினாலும், எவள் கொட்டாவி விட்டாலும், ராயபுரம் டிராமில் எவர் தூங்கி விழுந்தாலும், "பூஞ்சண மருந்து உள்ள பூந்துகீது, சோடியம் எறங்கிப்பூட்ச்சு" என்று மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துவிடுவார்.

"நாள் முச்சூடும் உப்புத் தோலு தூக்கிகினுகீறேன், எனக்கா பாய் உப்பு பத்தல?" என்று கேட்டான் மண்டியில் சுமை தூக்கும் பொன்னுரங்கம். அவனுக்கும் இரண்டு சிட்டிகை கிடைத்தது.

போகட்டும். மகள் சாபிராவைப் பெண் பார்க்க வந்த நாளிலாவது சும்மா இருந்திருக்கலாம். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் இந்த உப்பில் கரைந்து போயிருந்தது. "இன்னிக்கு வாயத் தொறந்தீங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்" என்று மனைவி பதுருன்னிசா காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

மாப்பிள்ளை தமீமுக்குப் பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை. சர்பத் டம்ளரை வாங்கும்போது அவன் கை லேசாக நடுங்கியது. பெண் பார்க்க வந்தவனுக்குக் கை நடுங்காதா? மதார் சாகிப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கண்ணெதிரே ஒரு பிள்ளைக்குச் சோடியம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஈரமுள்ள மனுஷன் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்?

"தம்பி, பட்டறையில பூஞ்சண மருந்து எதுனா அடிக்கிறாங்களா?"

"இல்லீங்களே."

"உங்களுக்குத் தெரியாம அட்ச்சிருப்பாங்க."

பொட்டலம் பிரிந்தது. சர்பத்தில் உப்பு தாராளமாகவே விழுந்தது. தமீமின் தகப்பனார் எழுந்து செருப்பைத் தேடினார். திரைக்குப் பின்னால் பதுருன்னிசா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தமீம் மட்டும் ஒரே மூச்சில் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "நல்லாத்தான் கீது மாமா" என்றான்.

சாபிரா தாயின் காதோரம் குனிந்தாள். "இவரே போதும்மா. அத்தாகூட காலந்தள்ள வேற எவனாலயும் ஆவாது."

செருப்பைத் தேடிய தகப்பனாரும் மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்; நிக்காஹ் நிச்சயமாயிற்று. எப்படி நிச்சயமாயிற்று என்பது மதார் சாகிபுக்கு இன்றுவரை தெரியாது. மாப்பிள்ளையின் கை நடுக்கம் நின்றுபோனதை மட்டும் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்; இனி எலியெல்லாம் எதற்கு என்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாரே, எங்கே வலிக்கிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அவருக்கு எத்தனை மருந்து சொன்னீர்கள்?