நான்கு பாட்டில் வாசனை

மேஜைமேல் நான்கு பாட்டில்கள் இருந்தன. ஒன்றிலும் லேபிள் இல்லை.

வேதியியல் வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூலக்கூறின் அமைப்பு மாறினால் வாசனை மாறும் என்பது இன்றைய பாடம். வாழைப்பழம், அன்னாசி, ஆரஞ்சு, ஊசிப்போன வெண்ணெய். எது எதென்று மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். அவருக்கோ இரண்டு வருடமாக மூக்கு வெறும் அலங்காரம். ஒரு காய்ச்சல் வந்து வாசனையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

தலைமையாசிரியைக்குத் தெரிந்தால் இந்த ஆய்வக வகுப்பு கைமாறிவிடும். மற்ற வகுப்புகளில் அவர் சொல்லுவார், பிள்ளைகள் எழுதுவார்கள். இங்கேதான் திருப்பிப் பேசுவார்கள். மனைவி போன பிறகு வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான்.

"நீயே சொல்லும்மா" என்று முதல் பாட்டிலை முன்பெஞ்சுப் பெண்ணிடம் நீட்டினார்.

"வாழைப்பழம் சார்!"

தப்பித்தோம் என்று கரும்பலகையில் அமைப்பை வரைந்துவிட்டு இரண்டாவதை நீட்டினார்.

"அன்னாசி சார்."

"இல்ல சார், இதுவும் வாழைப்பழம்!"

"ரெண்டும் எஸ்டர். அண்ணன் தம்பி மாதிரி. ஒரு கார்பன் கூடக்குறைய இருக்கும், அதுக்குப் போய் சண்டை போடாதீங்க."

"அப்ப நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க சார்" என்றான் ஒருவன். பக்கத்திலிருந்தவன் கிள்ளியதில் "ஆ!" என்று அலறினான்.

வாத்தியாருக்கு வேறு வழியில்லை. மூன்றாவதை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி, "ஆஹா, ஆரஞ்சு!" என்றார்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஆமா சார், ஆரஞ்சேதான்!"

மீதி ஊசிப்போன வெண்ணெய். மூடியைத் திறந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். கடைசி பெஞ்சு மொத்தமும் ஓங்கரித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடியது.

"நாத்தம் புடிச்ச இந்த அமிலத்தோட ஆல்கஹால் சேந்தாத்தான்யா அன்னாசி வாசனை வரும்!" என்று கூச்சலுக்கு மேல் கத்தினார். நீண்ட நாள் கழித்து அவர் சந்தோஷமாக இருந்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனதும் அறை அவர் வீட்டைப் போலவே ஆகிவிட்டது. ஆய்வக உதவியாளர் வந்து, நான்கு பாட்டில்களையும் ஜன்னலோரத் தொட்டிச் செடியில் கவிழ்த்தார்.

"ஐயையோ, செடி செத்துடும்யா!"

"தண்ணிக்கு எப்படி சார் சாகும்? லேபிள் மாத்தக் கழுவி, தண்ணி ஊத்தி ஊற வெச்ச பாட்டிலாச்சே. வெறும் தண்ணின்னு காலையிலயே பசங்ககிட்ட சொன்னேன், 'சார் மூக்கு விஷயம் வெளிய போகக்கூடாதுண்ணே, நாங்க பாத்துக்கறோம்'னுட்டாங்க."