குதிருக்குள் கமாண்டர்

காலியாகக் கிடந்த ஆளுயரச் சாமைக் குதிருக்குள்ளிருந்து மனைவி சரிதாவின் குரல் கேட்டதும், ஜீப் சாவி எடுக்க வந்த தசரதன் அப்படியே நின்றுவிட்டான்.

"கமாண்டர், இந்தக் கிரகம் நமக்கு வேண்டாம். வெடிக்கறதுக்குள்ள ஓடிடலாம், வாங்க!"

மாமியார் மாணிக்கம்மாள் தசரதனுக்கு வைத்திருக்கும் பெயரே கிரகம்தான். "வூட்டுக்கு வந்துச்சா உன் கிரகம்?" என்றுதான் மகளிடம் போனில் விசாரிப்பாள். கமாண்டர் யார் என்பதும் அந்த மலைக்கிராமத்துக்கே தெரியும். ஒடுகத்தூருக்குக் கமாண்டர் ஜீப் ஓட்டும் கலையரசன். இத்தனை நாள் தசரதனின் ஜீப்பில் ஏற வேண்டிய ஆட்களை அள்ளிக்கொண்டு போனவன், இப்போது வீட்டுக்குள்ளேயே ஹாரன் அடிக்கிறான்!

வண்டி இருந்தால்தானே ஓடுவார்கள்? புளியமரத்தடியில் நின்ற கமாண்டர் ஜீப்பின் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மாலையில் கலையரசனே வாசலில் நின்றான். "அண்ணே, எவனோ காத்த புடுங்கிட்டான். பம்பு இருந்தா குடேன்."

"இல்ல."

"இருக்குதுங்கண்ணா, தர்றேன்," என்று சரிதா ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

அண்ணாவாம், அண்ணா! தசரதன் பல்லைக் கடித்தான்.

மறுநாள் சவாரிக்குப் போவதுபோல் ஜீப்பைக் கிளப்பி, வளைவில் நிறுத்திவிட்டுப் பூனைபோல் திரும்பினான். இந்த முறை குதிருக்குள் ஆண் குரலே கேட்டது.

"இன்னும் ஏக்கமா கூப்பிடுங்க."

"கமாண்டர்...!"

குதிரின் மேல் ஓங்கி ஓர் உதை விட்டான் தசரதன். "வெளிய வாடா! எவனா இருந்தாலும் முழுங்கிடுவேன்! என் எடத்துக்கு வந்தவன் உயிரோட திரும்ப மாட்டான்!"

மூடியைத் தள்ளிக்கொண்டு சரிதா எழுந்தாள். தலையில் கம்பளி, கையில் மைக். உள்ளே வேறு யாரும் இல்லை. போன் மட்டும் கிடந்தது.

"இன்னா மாமா, கெடுத்துட்டியே! ஒரு வீடியோ கேமைக் கம்ப்யூட்டர்லயே படமா எடுத்திருக்காங்க. அதுக்குத் தமிழ்ல பேச ஆள் தேடறாங்க. வெளிச்சத்தம் வராதுன்னு இதுல பூந்தேன். கமாண்டர்னா ராக்கெட் ஓட்டறவன்!"

"அப்ப கிரகம்?"

"பூமி மாதிரி ஒண்ணு. கெடச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். இன்னிக்குக் கடைசி டெஸ்ட்டு, எல்லாம் போச்சு!" அழுதேவிட்டாள்.

தசரதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. "தப்புதாண்டி," என்றான்.

போனில் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தவர் செருமினார். "அழாதீங்க மேடம், நீங்க ஓகே. படத்தோட கடைசியில கிரகமே வாயைத் திறந்து மிரட்டும். அதுக்குத்தான் குரல் கிடைக்காம அலையறோம். இப்பக் கத்தினாரே, சந்தேகமே இல்ல மேடம், அவர்தான் கிரகம்!"