நாற்பது கார்டு எழுதிய நேயர்

ராஜபாளையம்
15.6.91

இதனால் உறவினர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் வீட்டு டி.வி. ஆன்டெனாவில் காக்கா கூடு கட்டிவிட்டது. முட்டை மூன்று. குஞ்சு பொரிக்கும்வரை கூட்டைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

மெட்ராஸில் டி.வி. நாடகம் எழுதி, தானே தயாரித்து, தானே தலையைப் பிய்த்துக்கொள்ளும் வைகுண்டராஜ் மாமாவுக்கு, அக்கா மகன் பால்சாமி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே காக்கா உட்பட எல்லாரும் சுகம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாடகத்தை இன்னும் பதிமூணு வாரம் நீட்டித்தது அறிந்து தெருவில் குதித்தேன். நேயர் கடிதம் வராவிட்டால் நாடகம் நின்றுவிடும், பழையபடி பஞ்சு மில்லுக்கே வரணும் என்று போன மாசம் நீங்கள் புலம்பினீர்களே, அப்பவே நாற்பது தபால் கார்டு வாங்கிவிட்டேன் மாமா. பேருக்குப் பஞ்சம் வரக்கூடாதென்று பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டிய வாக்காளர் பட்டியலில் பேர்களைக் குறித்து வந்து எழுதினேன். அதில் இருளப்பசாமி செத்து நாலு வருசமாச்சாம், அவரும் உங்க நாடகத்தை விடாமப் பாக்குதாரு. இடது கை, வலது கை, மூணு கலர் மை. சீரியல் சீரழியாமக் காத்த சிங்கம் நான்தான்.

மீட்டிங்கில் அதிகாரி ஒரு கார்டை வாசித்துக் கண்கலங்கி உடனே கையெழுத்துப் போட்டார் என்றீர்களே, ‘எல்லாருக்கும் பரிமாறுற அந்த மருமக சாப்பிட்டாளான்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே, அடுத்த வாரமாச்சும் கேளுங்க’ என்று, அந்தக் கார்டை எழுதினதும் அடியேன்தான். ஆகவே டைட்டிலில் ‘கதை உதவி: பால்சாமி’ என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் போடவும்.

அம்மா கோபம் அப்படியேதான் இருக்கு. மில் வேலையை விட்டுப் போனவன் பேச்சே எடுக்காதலேங்குது. நாடகம் பாக்கிறதில்லை. ஆனா செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் நம்ம வீட்டில் உறைமோர் தீர்ந்துபோவுது. பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா அக்காகிட்ட மோர் வாங்கப் போனா அம்மா, நாடகம் முடிஞ்ச பொறவுதான் திரும்பி வருது.

உங்க பேனா மை உலராமல் இருக்க வேண்டிக்கொள்ளும் அன்பு மருமகன்,
பால்சாமி

பி.கு.: மாமா, டைட்டிலில் என் பேர் வேண்டாம். நான் எழுதின கார்டு எதுவும் போஸ்டாகலை, அதிகாரி வாசிச்சது என் கார்டே இல்லை. கணக்கு பீரியட்டில் எழுதினேன், தங்கச்சாமி சார் மொத்தத்தையும் பிடுங்கி ஹெட்மாஸ்டர் மேசையில் வைத்துவிட்டார். திங்கட்கிழமை அப்பாவோடு போகணும். வாங்கினது நாற்பது. சார் எண்ணினது முப்பத்தொன்பது. மிச்சம் ஒண்ணு எங்கேன்னு அம்மாகிட்டக் கேட்டேன். “போயிப் படில”ன்னுச்சு. செத்த நேரம் கழிச்சு, “மெட்ராஸ்காரன் நேரத்துக்குச் சாப்பிடுதானான்னு கேட்டு எழுது”ன்னுச்சு.