டாக்டர் மைத்துனனுக்கு அத்தான் அனுப்பும் ஜிம் அறிக்கை

அன்பும் அக்கறையும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே உள்ள என் டாக்டர் மைத்துனனுக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். ஒப்புக்கு எழுதவில்லை, மெய்யாகவே நலம். இடுப்பு மட்டும் தன் அபிப்பிராயத்தைத் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். அங்கே நீயும் உன் மனைவியும், உன்னிடம் வந்து மாட்டிக்கொண்ட நோயாளிகளும் நலமாக இருக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன்.

போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "மூச்சு எப்படி இருக்கு அத்தான்?" என்று குறுக்கே விழுவாய். உனக்குப் பதில் சொல்லியே எனக்கு மூச்சு வாங்கும். அதையும் ஒரு நோயாகக் குறித்துக்கொள்வாய். தவிர, எழுத்தில் தர வேண்டும் என்பது உன் அக்காவின் உத்தரவு. எங்கள் குடிநீர்த் துறையின் கயிறு இழுக்கும் அணியில் கடைசி ஆளாக, அதாவது கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம் மாதிரி நிற்கிற ஆளாக, எத்தனையோ வருஷமாக நான் இருக்கிறேன். இந்த வருஷம் நீ என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு உன் அக்காவிடம் ஏதோ முணுமுணுத்தாய். அன்று ராத்திரி சோற்றின் அளவு பாதியானது. போட்டிக்கு வெளியூர் போக வேண்டுமென்றால் தங்கும் ஹோட்டலில் தினமும் காலையில் ஜிம்முக்குப் போக வேண்டும், அந்த ஜிம் எப்படி, அதில் நான் எப்படி என்று உனக்கு எழுத வேண்டும், படித்துப் பார்த்து நீ சரி என்றால் அடுத்த வருஷமும் கயிறு, இல்லையென்றால் இதோடு முழுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. ஆக என் கயிறு இப்போது உன் கையில் இருக்கிறது. பார்த்துப் பிடி.

இனி ஜிம்முக்கு வருகிறேன். வந்து இறங்கிய மறுநாள் காலை, மற்றவர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நீ வாங்கித் தந்த அந்த வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாடிப்படியில் துணிவண்டி தள்ளிக்கொண்டு வந்த ஆளிடம், "இந்த ஓடற மெஷின், சைக்கிள் மெஷின்லாம் எங்கப்பா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கீழ சார், சலவை ரூமைத் தாண்டி" என்றார். இறங்கினேன். அறையைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. மற்ற ஜிம் மாதிரி பளபளப்பு, பாட்டு, பனியன் போட்ட பையன்கள் என்று ஒரு தொந்தரவும் இல்லை. ஒரே ஒரு பல்பு. நடக்கிற மெஷின் ஒன்று. சைக்கிள் ஒன்று, அதற்கு ஒரு பக்கம் மட்டும் பெடல். ஒரு காலுக்கு வேலை, ஒரு காலுக்கு ஓய்வு என்று யோசித்துத்தான் செய்திருப்பார்கள். யாராவது விழுந்தால் அடிபடக் கூடாதென்று சுவரோரம் மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அக்கறையெல்லாம் உன் ஆஸ்பத்திரியில்கூட நான் பார்த்ததில்லை. கண்ணாடி ஒன்றைச் சுவரில் மாட்டாமல் தரையில் சாய்த்து வைத்திருந்ததால் கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது. முகம் தெரியாததால் அந்தத் தொப்பை வேறு யாருடையதோ என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக உடற்பயிற்சி செய்யலாம். நடக்கிற மெஷினின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது, எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. உபயோகிக்கும் முறையாக இருக்குமென்று கழற்றி மரியாதையாக ஓரத்தில் வைத்தேன்.

சுவிட்சைப் போட்டால் மெஷின் உறுமுகிறதே தவிர நகரவில்லை. அந்த உறுமலைக் கேட்டதும் எனக்கு உடற்பயிற்சி மறந்துவிட்டது மச்சான். உனக்கு ஒருத்தர் இருமினால் எப்படியோ, எனக்கு ஒரு மோட்டார் உறுமினால் அப்படி. வாழ்நாள் முழுக்க பம்ப் ரூமில் இருந்தவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா போவானா? மேலே போய் எங்கள் கேப்டனை எழுப்பினேன். வால்வு திறந்து மூடும் வேலை என்பதால் அவருக்கு வால்வண்ணன் என்றே பெயர். "அண்ணே, கீழ ஒரு மோட்டார் ரொம்ப அவஸ்தைப்படுதுண்ணே" என்றேன். அவ்வளவுதான், மனுஷன் லுங்கியோடு ஓடிவந்தார். பின்னாலேயே மொத்த அணியும் வந்தது. ஸ்பேனர் இல்லாமல் வெளியூர் போகிற ஆள் எங்கள் துறையில் கிடையாது, பல் விளக்கும் பிரஷ்ஷைக்கூட மறப்போம். வால்வண்ணன் மெஷினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போகல. சுத்த வேண்டிய பக்கம் சுத்தல. ரெண்டு வயரை மாத்திப் போடு" என்றார். எங்கள் பம்ப் எது மக்கர் பண்ணினாலும் முதலில் அதைத்தான் செய்வோம், பாதி நேரம் சரியாகிவிடும். மாற்றிப் போட்டோம். பெல்ட்டுக்குள் சிக்கியிருந்த ஒரு பழைய சாக்ஸையும் உருவினோம்.

வயதில் மூத்தவன், டாக்டரின் அத்தான் என்பதால் முதலில் ஏறுகிற கௌரவத்தை எனக்கே தந்தார்கள். கைப்பிடியைப் பிடித்தேன், காலை வைத்தேன், சுவிட்சைப் போட்டார்கள். மெஷின் என்னைப் பின்னால் தள்ளும் என்று பார்த்தால், முன்னால் இழுத்துக்கொண்டு போய் அதன் பொத்தான் பலகைமேல் மோதவிட்டது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நாலு பேர் காதில் விழக்கூடாத சில வார்த்தைகளைச் சொன்னேன். நடக்கும்போது பேச முடிந்தால் இதயம் நன்றாக இருக்கிறதென்று அர்த்தம் என்று நீதானே சொன்னாய்? தாராளமாகப் பேச முடிந்தது. நிறுத்துகிற பொத்தானை அமுக்கினால் வேகம் கூடுகிறது. யாரோ ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்கள்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, வால்வண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாக, "யோவ், நாளைக்குப் போட்டியில நாம முன்னாடியா நடக்கப் போறோம்?" என்று கேட்டார். யோசித்துப் பார். கயிறு இழுக்கிறவன் எதிராளியைப் பார்த்தபடி பின்னால் நடக்க வேண்டும், எதிராளி அவனை முன்னால் இழுத்துக்கொண்டே இருப்பான். இந்த மெஷின் அதைத்தான் செய்தது! உலகத்தில் இருக்கிற மெஷினெல்லாம் மனுஷனை முன்னால் நடக்க வைக்கிறது, கயிறு இழுக்கிறவனுக்கென்று ஒன்றும் இல்லையே என்ற குறை அன்றைக்குத் தீர்ந்தது. படுக்கை விரிப்பை முறுக்கிக் கைப்பிடியில் கட்டினோம். அதைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, ஒருவர் மாற்றி ஒருவர் பின்னால் நடந்தோம். முறை வராதவர்கள் மெத்தையில் உட்கார்ந்து "ஐலசா" போட்டார்கள். சத்தம் கேட்டு சலவை ரூம்காரர்கள் எல்லாம் வந்து நின்று, கடைசியில் அவர்களும் ஒரு நடை நடந்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு வியர்வை எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. அன்றும் மறுநாள் காலையும் இதே வேலைதான். சாப்பாட்டு விஷயத்திலும் கவலைப்படாதே, காலையில் பழம் மட்டும்தான். சத்தியமாக.

இன்று போட்டி நடந்தது. எதிரணி மின்துறைக்காரர்கள். அவர்களைப் பற்றி உனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் எங்களை இழுத்துத் தரையில் தேய்த்துவிட்டு, "தண்ணிக்காரங்க வழுக்கிட்டாங்க" என்று மைக்கில் சொல்ல வைக்கிறவர்கள். எல்லோரும் இளவட்டம், கையெல்லாம் கட்டை கட்டையாக இருக்கும். முதல் இழுப்பில் விசில் ஊதின வேகத்தில் எங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ போல் ஆகிவிட்டது. வியாதி இல்லை, பதறாதே. இதுதான் கடைசிக் கயிறோ, இப்படியேதான் முடியப்போகிறதோ என்று ஒரு துக்கம். இரண்டாவது இழுப்பில் வால்வண்ணன் திரும்பிப் பார்த்து, "மெஷினை நினைச்சுக்கோ!" என்று கத்தினார். நினைத்தேன். காலுக்குக் கீழே தரை முன்னால் ஓடுகிற மாதிரியே இருந்தது, கால் தானாகப் பின்னால் போனது. ஜெயித்தோம். மூணாவதுதான் உயிரெடுத்தது. அவனும் அசையல, நாங்களும் அசையல. கயிறு கிறீச்சுன்னு கத்துது, முன்னால நிக்கிறவனோட கழுத்து நரம்பு எனக்கு இங்கேருந்து தெரியுது, நடுவர் கையைத் தூக்கவே மாட்டேங்கிறார். அப்போ எங்கேருந்தோ தெம்பு வந்துச்சு மச்சான். நீ தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினியே, அதே வயிறு, அதுல கயிறைச் சாய்ச்சுக்கிட்டு அப்படியே பின்னால உட்கார்ந்தேன் பாரு! மொத்த மின்துறையும் கோட்டைத் தாண்டி வந்து விழுந்துச்சு. நான் மல்லாக்க விழுந்தேன், எங்க ஆளுங்க எல்லாரும் என் மேல விழுந்தாங்க. அடியில கிடந்துக்கிட்டு ஆகாசத்தைப் பார்த்துச் சிரிச்சேன், சிரிப்பை நிறுத்தவே முடியல. இவ்வளவு சந்தோஷமா நான் இருந்து எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியல.

சரி, மறுபடி மரியாதையாக எழுதுகிறேன். அறிக்கையின் சுருக்கம்: ஜிம் மிகச் சிறப்பு, உன் நோயாளிகள் எல்லோருக்கும் சிபாரிசு செய். அடியேன் இரண்டு நாளும் தவறாமல் போனேன். மூச்சு சீராக உள்ளது. இடுப்பு மட்டும் எங்கள் ஆட்கள் விழுந்த இடத்தில் கொஞ்சம் மௌனம் சாதிக்கிறது. எனவே நீ தாராள மனசோடு "அத்தான் தொடர்ந்து கயிறு இழுக்கலாம்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் அக்காவுக்கு அனுப்பிவிட்டால், உன்னை வாழ்நாளெல்லாம் வாழ்த்துவேன். கீழே கோப்பையோடு போட்டோ எடுக்கக் கூப்பிடுகிறார்கள், கடைசி ஆள் இல்லாமல் எடுக்க மாட்டார்களாம். உனக்கும் உன் மனைவிக்கும் நீண்ட ஆயுளும், குறைந்த நோயாளிகளும், நிறைந்த தூக்கமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்,
கடைசி ஆள், குடிநீர்த் துறை அணி

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. பேனா மாறியிருக்கறதப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்ப. உங்க அத்தான் கடிதத்தை மேஜை மேல திறந்து போட்டுட்டு போட்டோவுக்குப் போயிருக்கார். திறந்து கிடந்தா படிக்கலாம், தப்பில்ல. நான் காலையில முதல் பஸ்ஸிலேயே வந்துட்டேன், அவருக்குத் தெரியாது. நேரா ஜிம்முக்குப் போனேன். ஜிம் ஏழாவது மாடியில இருக்கு. சுத்திக் கண்ணாடி, ஏசி, கேட்டா இளநீர்கூடக் கொடுக்கறாங்க. அந்த மின்துறைப் பசங்கதான் அங்க இருந்தாங்க, குடிநீர்த் துறை ஆள் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலையாம். கீழ இருக்கறது பழசைப் போட்டு வைக்கிற குடோன், அங்கேயும் போய்ப் பார்த்துட்டு வந்தேன். அவர் கழற்றி வெச்ச அட்டையில 'பழுது, தொடாதே'ன்னு நல்லாவே படிக்க முடியுது, கண்ணாடி போட்டாத்தானே தெரியும்? காலையில பழம் மட்டும்னு சத்தியம் பண்ணியிருக்காரே, அவர் கழற்றிப் போட்ட சட்டைப் பையில காகிதத்துல சுத்தின அவிச்ச முட்டை இருக்கு, அதுவும் ஒண்ணோட நிக்கல. இடுப்பு மௌனம் சாதிக்குதாம்! மைதானத்துலேருந்து ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தாங்க.

ஆனா தம்பி, மூணாவது இழுப்பை நான் பார்த்தேன். கூட்டத்துல நின்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போயிடுச்சு. அத்தனை பேருக்கு அடியில கிடந்து அந்த மனுஷன் சிரிச்ச சிரிப்பை நீ பார்த்திருக்கணும். அவருக்கு இடுப்புக்கு ஏதாவது மருந்து அனுப்பு. அவர் கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் எழுதிடாதே. "கயிறு கூடவே கூடாது"ன்னு கண்டிப்பா எழுது. அப்புறம் நானே உன்கிட்ட அழுது மன்றாடி அவருக்கு அனுமதி வாங்கித் தந்த மாதிரி இருக்கட்டும். அடுத்த போட்டி வரைக்கும் நான் சொன்ன பேச்சைக் கேட்பார்.