நாவற்குடாவில் ஒரு நாலாவது நடுவர்

உலகத்தில் எந்த மூலையில் குத்துச்சண்டைப் பட்டப் போட்டி நடந்தாலும் மேடையைச் சுற்றி மூன்று நடுவர்கள்தான் இருப்பார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தவறு. நாலாவது நடுவர் மட்டக்களப்புப் பக்கம் நாவற்குடாவில், தையல் மெசினுக்குப் பின்னால், கழுத்தில் அளவு நாடாவும் தோளில் துவாயுமாக உட்கார்ந்திருக்கிறார். மற்ற மூன்று பேருடைய தீர்ப்போடு இவருடைய தீர்ப்பு ஒருமுறையாவது ஒத்துப்போனதில்லை. பிழை அந்த மூன்று பேரிலும்தான் என்பது அவருடைய உறுதியான கருத்து.

பெயர் என்ன என்று கேட்காதீர்கள். அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். ஊருக்கு அவர் வீச்சு மாஸ்டர். புதிதாகக் குடிவந்தவர்கள் இவர் வாவியில் வீச்சு வலை போடுகிறவர் என்று எண்ணி, இறால் இருக்கிறதா என்று பையோடு வந்து நிற்பதுண்டு. விஷயம் அதுவல்ல. ஒரு குத்துச்சண்டைக்காரன் இரண்டு கைகளையும் அகல விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை உள்ள நீளம்தான் அவனுடைய வீச்சு. சட்டை தைக்கப் போகிற எவரையும் அதை அளக்காமல் மாஸ்டர் அனுப்பியதில்லை. சட்டைக்கு இது எதற்கு என்று கேட்டால், "சட்டைக்கில்ல, எனக்கு" என்பார்.

பெண்களுக்கு அளவெடுப்பது அவருடைய மனைவி. கணவனின் தொல்லை தாங்காமல் அவரும் வீச்சை அளந்து சொல்லிவிடுவார். ஒருமுறை கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க ஒரு மாப்பிள்ளை வந்தான். மணப்பெண்ணின் சட்டையும் அங்கேதான் தைபட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் அவனை ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, பொம்புளைக்கு ஒன்னவிட வீச்சு கூட. தூர நிண்டியெண்டா அடி விழும். எப்பயும் கிட்ட நிண்டுக்க."

அவன் இன்றுவரை கிட்டவே நிற்கிறான். வீடு நிறையப் பிள்ளைகள்.

பட்டப் போட்டி ஒன்று வருகிறதென்றால் மாஸ்டரின் கடையில் தையல் நின்றுவிடும். தீபாவளிக்குக் கொடுத்த காற்சட்டையைத் தைப்பொங்கலுக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு வீச்சு கூட, யார் எத்தனை பேரை மல்லாத்தினான், யார் இடதுகைக்காரன், கடைசிச் சுற்றுகளில் யாருக்கு மூச்சு வாங்கும் என்று எல்லாவற்றையும் போனில் துருவித் துருவிப் பார்ப்பார். பார்த்ததைத் துணிக் கணக்கில்தான் சொல்லுவார். ஒருவன் பொப்லின், ஒருவன் கோடுரோய், ஒருவன் தொட்டால் நூல் பிரிகிற மலிவுச் சரக்கு. "எத்தின பேரை விழுத்தினான் எண்டு பாக்காத. ஆரை விழுத்தினான் எண்டு பாரு" என்பது அவருடைய வேதவாக்கு. கேட்கிறவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். அத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு அவர் கைகாட்டுகிறவன் தவறாமல் தோற்றுப்போவான்.

இதை முதலில் கண்டுபிடித்தது காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், எங்கள் எல்லோருக்கும் காக்கா. மாஸ்டருக்குத் துணி கொடுப்பவரும், மாஸ்டரோடு இருந்து சண்டை பார்ப்பவரும் அவரே. மாஸ்டர் யார் பக்கம் என்று பக்குவமாகக் கேட்டறிந்து, மற்றவன் பக்கம் சாய்ந்துவிடுவார். இந்த ஒரு வழியால் காக்காவுக்குக் குத்துச்சண்டை நிபுணர் என்று ஏறாவூர்வரை பெயர்.

துவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் வீரன் இனியும் அடி வாங்கினால் தாங்கமாட்டான் என்று தெரிந்தால், மேடை மூலையில் நிற்கும் பயிற்சியாளர் துவாயை உள்ளே எறிந்து சண்டையை நிறுத்திவிடுவார். மாஸ்டர் டிவி பார்க்கும்போதே அந்த வேலையைச் செய்வார். யாருக்காவது புருவத்தில் இரத்தம் கசிந்தால் போதும், துவாய் பறந்துபோய் டிவியில் விழும், அவர் எழுந்து வாவிப் பக்கம் போய்விடுவார். ஒருமுறை அவர் போன பிறகு அவருடைய ஆள் எழும்பி வென்றேவிட்டான். சாகும்வரை பேசியிருக்கக்கூடிய ஒரேயொரு வெற்றி. மாஸ்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. துவாய் விழுந்த பிறகு அடித்தது செல்லாது என்றுவிட்டார். பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்சாதி சண்டையிலும் நடுவில் போய் துவாயை எறிந்திருக்கிறார். இருவரும் உடனே ஒற்றுமையாகி அவரை ஏசினார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். போன வருடம் ஒரு காற்சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தரும்படி மாஸ்டரிடம் போனேன். நாடாவைச் சுற்றியவர் அதை எடுக்காமலே நின்றார்.

"மிச்ச இடுப்பு எங்க தம்பி?"

வீட்டில்கூட முழுதாகச் சொல்லாததை அந்த நாடாவுக்குள் நின்றபடி சொல்லிவிட்டேன். இதயக் குழாய்களில் அடைப்பு. கொழும்புக்குப் போய் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். மழை விடட்டும், தங்கை மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு முடியட்டும், கொக்கட்டிச்சோலைத் தேர் ஓடட்டும் என்று நாளைக் கடத்தினேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். நல்ல பயம்.

மாஸ்டர் என்னைக் கதிரையில் இருத்தி, மேலும் கீழும் பார்த்து, மதிப்பீட்டைத் தொடங்கினார்.

"ஒனக்கு வீச்சு இல்ல. கால் வேகம் இல்ல. மூச்சுமில்ல. ஆனா அடி தாங்குவாய். ஒன்ட மனிசிக்கிட்ட இத்தின வருசம் தாங்கியிரிக்காயே. போ, போய்ச் செய்து போட்டு வா."

தப்புவதற்கு ஒரு வழி தேடினேன். அடுத்த ஞாயிறு ஒரு பட்டப் போட்டி இருந்தது. வயது போன சம்பியனை ஓர் இளம் பொடியன் எதிர்த்தான். மாஸ்டரின் கணக்கில் சம்பியன் டெனிம், பொடியன் சில்க். "சில்க் பாக்க வடிவு, வழுக்கிக்கிட்டே போகும், பிடிக்க ஏலாது. ஆனா அயன் சூடு கூடினாச் சுருங்கிரும். டெனிம் வெளிறும், கிழியாது" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் டெனிம் பக்கம் என்றால் டெனிம் தோற்பது நிச்சயம். ஆகவே நெஞ்சை நிமிர்த்தி, டெனிமிடமிருந்து பட்டம் பறிபோகாவிட்டால் அடுத்த கிழமையே கொழும்புக்குப் போகிறேன் என்று சத்தியம் செய்தேன். என்னைவிடக் கெட்டிக்காரன் மட்டக்களப்பில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காக்காவை மறந்துபோனேன். அன்று பின்னேரமே துணிக்கட்டோடு வந்தவர் கதையைக் கேட்டுவிட்டு மாஸ்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், கோவியாதீங்க. நீங்க டெனிமுக்குச் சொன்னீங்கண்டா அவன் முடிஞ்சான். மறுகா இந்தத் தம்பியும் போகமாட்டான். இந்தக் கிழமை சில்க்குக்குச் சொல்லுங்க."

மாஸ்டர் கைகாட்டினால் ஆள் தோற்பான் என்பதை அவருடைய முகத்துக்கு நேரே ஒருவர் சொல்வது அதுதான் முதல் தடவை. நான் பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். மாஸ்டர் நூலைக் கடித்துத் துப்பினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு, சில்க்தான் வெல்லுவான் என்றார்.

அந்தக் கிழமை முழுக்க அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சில்க்கின் புகழ் பாடினார். வீச்சு கூட, வயது குறைவு, கால் வேகம் என்று அடுக்கிக்கொண்டே போய், "ஆனா டெனிம்" என்று வாய் தவறும் இடத்தில் இருமுவார். புளியந்தீவிலிருந்து வந்த ஒரு கிளார்க் அந்த இருமலுக்கு மருந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை கடைக்குள் மூவரும் உட்கார்ந்தோம். காக்கா தன் போனை டிவியோடு இணைத்திருந்தார். முதல் பாதி முழுக்க சில்க் விளையாடினான். வழுக்கினான், குத்தினான், சிரித்தான். டெனிமின் புருவம் கிழிந்தது. மாஸ்டரின் கை தோளுக்குப் போனது. துவாயை அங்கே காணோம். காக்கா எப்போதோ அதை உருவி எடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"தாங்க காக்கா. அவன் சாகப் போறான்."

"எழும்பமாட்டன்" என்றார் காக்கா.

எழும்பிப் போக முடியாமல், எறியவும் ஒன்றுமில்லாமல், மாஸ்டர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சண்டையைக் கடைசிவரை பார்த்தார். பிற்பாதியில் சூடு கூடியது. சில்க் சுருங்கத் தொடங்கினான். டெனிம் இரத்தத்தைத் துடைத்துத் துடைத்து முன்னால் வந்தான். கடைசி மணி அடித்தபோது இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். முடிவை அறிவித்தார்கள். வெற்றி தோல்வி இல்லை, சண்டை சமன்.

எனக்குப் போன உயிர் வந்தது. டெனிம் வெல்லவில்லை, ஆகவே பயணமும் இல்லை என்று எழுந்தேன். மாஸ்டர் நாடாவை என் தோளில் போட்டு இழுத்து உட்காரவைத்தார்.

"சமன் எண்டா பட்டம் சம்பியனுக்குத்தான். பெல்ட் ஆர்ட இடுப்பில இரிக்கு எண்டு பாரு. பறிபோகல்ல. நீ போறாய்."

போனேன். சத்திரசிகிச்சை நாள் விடிந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மாஸ்டர் நின்றார். இரவு பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கிறார். என் மதிப்பெண் என்ன என்று பகிடியாகக் கேட்டேன். மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"நீ தோத்திருவாய் தம்பி. நிச்சயமாத் தோத்திருவாய்."

பக்கத்துக் கட்டில்காரர் திகைத்துப்போய் எழுந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் கவனித்தேன், கழுத்தில் நாடா இருந்தது, தோள் வெறுமையாக இருந்தது. துவாய் எங்கே என்று கேட்டேன்.

"வீட்ட வச்சிட்டு வந்திட்டன். கையில இரிந்தா எறிஞ்சிருவன்."

என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை திரும்பி அந்த வெறும் தோளையே பார்த்துக்கொண்டு போனேன், எனக்குப் பயமே இருக்கவில்லை.